பெரியப்பா அடைவைத்த பாட்டில்

எங்கள் நாச்சிமுத்து பெரியப்பாவால் எந்தப் பொருளையும் ஒரே பக்கமாகக் கிடக்க விட முடியாது. டீக்கடைத் தட்டில் பஜ்ஜி கிடந்தால் புரட்டி வைப்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் தன் இலை வடையைப் புரட்டிவிட்டு, பக்கத்து இலை வடையையும் புரட்டுவார். பக்கத்து இலைக்காரர் முறைத்தால், சூடு ரெண்டு பக்கமும் ஒண்ணா ஆறட்டுமுங்க என்பார். பெரியம்மா அசந்து தூங்கும்போது தட்டி எழுப்பி, ஒரே பக்கமாப் படுக்காத, அக்கட்ட திரும்பிப் படு என்பார். திரும்பிப் படுக்கச் சொல்வதில் தப்பில்லை. எழுப்பிச் சொல்கிறார் பாருங்கள், அதில்தான் சண்டை.

அவரையும் குறை சொல்ல முடியாது, தொழில் அப்படி. நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், புதன்சந்தைப் பக்கம் ஒரு ஹேச்சரி. கோழிமுட்டையை மெஷினில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற இடம். மீசை முளைக்கும் முன்னாலேயே பெரியப்பா அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால் உள்ளே இருக்கிற கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் குஞ்சு கிடையாது. அதனால் அந்தக் காலத்து மெஷினில் ட்ரேயை இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை என்று கையால் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெஷினுக்குப் போகாமல் காத்துக் கிடக்கிற முட்டை என்றால் ஒரு பக்கம் பென்சிலில் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். காலையில் பெருக்கல் மேலே இருந்தால் சாயங்காலம் வட்டம் மேலே இருக்கணும். பெரியப்பாவுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். பதினொன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, அந்த லீவு இன்னும் முடியாமல் ஹேச்சரியில் அட்டைப்பெட்டி மடிக்கிற எனக்கு, அந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு ஆட்டோமேட்டிக் மெஷின் வந்தது. அது மணிக்கு ஒருதரம் தானாகவே சாய்ந்துகொண்டது. பெரியப்பாவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சூப்பர்வைசர் என்றால் திருப்பக் கூடாது, மெஷின் திருப்புகிறதா என்று பார்க்க மட்டும் வேண்டும். சம்பளம் ஏறியது. கை மட்டும் வேலை போன ஆள் மாதிரி சும்மா அலைந்தது.

எங்கள் பக்கத்தில் பெருமை பேசுகிறவர்கள் லாரி, ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டி, முட்டை விலை என்று எதையாவது பேசுவார்கள். பெரியப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. "என்ற கையில வந்தது எதுவும் கெட்டதில்ல" என்பார். வேறு தற்பெருமை எதுவும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், யாழினி அக்கா. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு நாசிக் பக்கம் வேலைக்குப் போனாள். பழச்சாறு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பழம் திராட்சை, அதன் சாறுதான், என்ன, கொஞ்சம் வயசான சாறு.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் இந்தியாவில் எந்த மூலைக்குப் போய் எதை மறைத்தாலும் அந்த மூலையில் ஒரு திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போட்டுக்கொண்டிருக்கும். ரிக் வண்டிக்காரர் சரவணமுத்து அண்ணன் அந்தத் திராட்சைத் தோட்டத்துக்கே போர் போடப் போய்விட்டார். திரும்பி வந்து புதன்சந்தை டீக்கடையில் உட்கார்ந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். பாப்பாயி அக்கா மகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, வரிசையாக ஒயின் கிளாஸ் வைத்து, ஒவ்வொன்றாக வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புகிறாள், அதற்கு மாசா மாசம் சம்பளம் என்று.

பாப்பாயி என்பது பெரியம்மா பேர். அன்றையிலிருந்து ஒரு வாரம் பெரியம்மா ரேஷன் கடைக்குக்கூடப் போகவில்லை. எங்கள் ஊரில் ஒயின் ஷாப் என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். அதனால் ஒயின் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்கு ரோட்டோரம் வேட்டி அவிழ்ந்து கிடக்கிற ஆள்தான் ஞாபகத்துக்கு வரும். பெரியப்பா மட்டும் போனில் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாத்தையும் துப்பிருவியாங்கண்ணு?"

"துப்பிருவேனுங்கப்பா."

"அப்பச் சரி."

இதைக் கேட்கிற யோக்கியதை அவருக்கு உண்டு. இளவட்டத்தில் கொல்லிமலைத் திருவிழாவுக்குப் போய், கூட்டாளிகள் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார். அந்தப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. அன்றைக்கு அவருக்கு மட்டும் நூற்று நாற்பது. இறங்கிய கையோடு நாமக்கல் ஆஞ்சநேயர் முன்னால் வந்து நின்று, இனி ஒரு சொட்டு குடிக்க மாட்டேன் சாமி என்று கும்பிட்டார். நின்றார் என்பது ஒரு பேச்சுக்கு. தூணைப் பிடித்திருந்ததாகக் கேள்வி.

அந்த வருஷப் பொங்கலுக்கு அக்கா வந்தபோது பையில் ஒரு பாட்டில் இருந்தது. கறுப்பு மாதிரி தெரிகிற பச்சைக் கண்ணாடி, லேபிள் கிடையாது, கழுத்தில் வெள்ளை டேப்பில் வருஷம் மட்டும். அவள் சொந்தமாகக் கலந்த முதல் கலவையாம். மூன்று ஜாதித் திராட்சையை இவ்வளவுக்கு இவ்வளவு என்று அவளே அளவு சொல்லிக் கலந்திருக்கிறாள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவு ஆட்டப் போனதால், அவர் காதில் விழுகிற மாதிரி அக்கா விளக்கம் சொன்னாள். இட்லி மாவு மாதிரிதானாம். அரிசி உடம்புக்கு, உளுந்து மெத்தென்று வர, வெந்தயம் வாசத்துக்கு. ஒன்று கூடினாலும் பேச்சு மாறிவிடும். கலந்த உடனே வாயில் வைத்தால் கடுக்காயை மென்ற மாதிரி துவர்க்கும். இருட்டிலும் குளிர்ச்சியிலும் பல வருஷம் கிடந்தால் அந்தத் துவர்ப்பு அடங்கி, மூன்றும் ஒன்றாகிப் பக்குவப்படும்.

உங்க அம்மாகூடக் கல்யாணமான புதுசுல அப்பிடித்தான் இருந்தா என்றார் பெரியப்பா. உள்ளே கிரைண்டர் ஒரு நிமிஷம் நின்று மறுபடி ஓடியது.

"எட்டு வருஷம் கழிச்சு நானே வந்து தொறக்கறேன். அதுவரைக்கும் நீங்க பாத்துக்குங்கப்பா" என்று அக்கா பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

பாத்துக்குங்க என்று ஒரு ஹேச்சரிக்காரரிடம் சொல்லும்போது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். அக்கா அப்போது சின்னப் பிள்ளை, தெரியவில்லை.

பெரியப்பா அதை ஹேச்சரி கூல் ரூமில் வைத்தார். பண்ணையிலிருந்து வந்த முட்டை மெஷினுக்குப் போகும் வரை காத்திருக்கும் அறை அது. வெளியே சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டினாலும் உள்ளே மார்கழிதான். இருட்டு, ஈரம், குளிர்ச்சி மூன்றும் ஒரே அளவில் நிற்கும். முட்டை அட்டை இரண்டை வெட்டி ஒரு தொட்டில் செய்து, பாட்டிலைப் படுக்க வைத்து, வெளிச்சம் படாமல் பழைய குடைத்துணியைச் சுற்றினார். கூட வேலை செய்கிறவர்கள் அதைக் குஞ்சுக்குப் போடுகிற ஏதோ வெளிநாட்டு மருந்து என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். முதலாளி ஒருதரம் என்ன என்று கேட்டார். மகள் குடுத்ததுங்க என்றார் பெரியப்பா. முதலாளிக்கும் ஒரு மகள் கனடாவில் இருப்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த எட்டு வருஷத்தில் அக்கா ஊருக்கு வந்தது கொஞ்சம், வந்தும் தங்கினது அதைவிடக் கொஞ்சம். பாட்டில் மட்டும் ஒருநாள்கூட லீவு போடவில்லை. பெரியப்பாவும் போடவில்லை. காய்ச்சல் அடித்த நாளிலும் பழைய டிவிஎஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

போன மாசம் ஒரு புதன்கிழமை அக்கா வந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ், அதற்குள் பாட்டிலைத் திறந்து ருசி பார்த்துவிடுவதாகத் திட்டம். அன்றைக்கே அக்கா, பெரியப்பா, நான் மூன்று பேரும் ஹேச்சரிக்குப் போனோம். உள்ளே போக வேண்டுமென்றால் குளித்து, அவர்கள் கொடுக்கிற நீலக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துத்தான் போகணும். கோழிக்குஞ்சுக்கு நம்மால் சீக்கு வந்துவிடக் கூடாது. கோழிக்குஞ்சால் நமக்கு வருவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

அக்கா கூல் ரூமுக்குள் நின்று மூச்சை இழுத்தாள். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஒயினுக்கு இதைவிடத் தோதான அறை கட்டினாலும் கிடைக்காது என்றாள். பெரியப்பா தோளை நிமிர்த்திக்கொண்டார். அக்கா குடைத்துணியை அவிழ்த்தாள். பாட்டிலின் ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்டில் பெருக்கல் குறி இருந்தது, சாய்த்துப் பார்த்தால் மறு பக்கம் வட்டம்.

"அப்பா, இது என்னதுங்க?"

"ஒட்டிக்கக் கூடாதில்லீங்கண்ணு. காலையில பெருக்கல், சாயங்காலம் வட்டம்."

"எப்பருந்துங்கப்பா?"

"நீ குடுத்துட்டுப் போன நாள்லருந்து. ஒருநாள் தவறல."

அக்கா செல்போன் டார்ச்சைப் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்தாள். உள்ளே புதுவெள்ளம் வந்த ஓடை மாதிரி ஒரே கலங்கல். பெரியப்பா குனிந்து பார்த்தார். கலங்கின முட்டையை எத்தனையோ பார்த்த கண். யாரும் சொல்லாமலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

அக்கா மெதுவாகத்தான் சொன்னாள். சிவப்பு ஒயின் வயசாக வயசாக அடியில் வண்டல் விடும். பாட்டிலை அசைக்காமல் விட்டால் வண்டல் ஓரமாக ஒதுங்கிவிடும், மேலே தெளிவாக இருக்கும். தினமும் புரட்டினால் அது ஒதுங்கவே ஒதுங்காது. வாயில் வைத்தால் மண்ணும் கசப்பும்தான். கெட்டுவிட்டதா என்று பெரியப்பா கேட்டார். இப்போதைக்குத் தெரியாது, நிறுத்தி வைத்து வண்டல் அடங்கினால்தான் சொல்ல முடியும் என்றாள். பாட்டிலை நிமிர்த்தி நிறுத்தி, துணியைச் சுற்றினாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் யாரும் தொடப்படாது. நீங்களுந்தானுங்கப்பா."

திரும்பி வரும்போது அக்கா டிவிஎஸ்ஸில் முன்னால் போக, பெரியப்பா என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். சந்தையைத் தாண்டினோம். அப்புறம் என் காதுப் பக்கம் குனிந்தார்.

"மாதேசு, அம்மிணி நம்பிக் குடுத்தது. அது என்ற கையாலயே கெட்டுப் போச்சுன்னா என்ன பண்றது சாமி?"

எனக்கு எதற்கும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்றைக்கு வண்டியில் பெட்ரோல் கம்மியா இருக்குதுங்க பெரியப்பா என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து வீட்டில் எந்தப் பொருளுக்கும் நிம்மதியில்லை. இட்லி வேகும்போதே மூடியைத் திறந்து தட்டைப் புரட்டப் பார்த்தார். டிவி ரிமோட், மூக்குக்கண்ணாடி, காயப்போட்ட மிளகாய் எல்லாம் குப்புறக் கிடந்தன. பக்கத்து வீட்டு ஷைமா அக்கா தன் கைக்குழந்தையை எங்கள் கூடத்தில் படுக்க வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா போய் அதைக் குப்புறப் புரட்டினார். புதிதாகப் புரளக் கற்றுக்கொண்ட குழந்தை அது, ஒரே உந்தில் மல்லாந்தது. பெரியப்பா மறுபடி குப்புறப் போட்டார், அது மறுபடி மல்லாந்தது. அவர் ஆயுசில் எதிர்த்துத் திரும்பின முதல் முட்டை அதுதான். ஷைமா அக்கா சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில் அக்கா அவருக்குத் துப்பப் பயிற்சி கொடுத்தாள். குடிக்க மாட்டேன் என்றுதான் ஆஞ்சநேயரிடம் சொல்லியிருக்கிறார், கொப்பளிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் ருசி பார்த்துத் துப்பினால் வாக்குக்குப் பங்கமில்லை என்று வீட்டுக்குள் தீர்ப்பாகியிருந்தது. பால் விடாத டீயை வாயில் வைத்து வாளியில் துப்ப வேண்டும். முதல் தடவை வாளியைத் தவிர எல்லா இடத்திலும் பட்டது. இரண்டாவது தடவை பெரியம்மா மேல் பட்டது. மூன்றாவதற்கு பெரியம்மா வாளியோடு பயிற்சியை வாழைமரத்தடிக்கு அனுப்பிவிட்டார்.

அன்று காலை டிபன் முடிந்ததும் பெரியம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். எட்டு வருஷத்தில் அவர் அந்தப் பாட்டிலின் பேரைச் சொன்னதே கிடையாது, அந்தச் சனியன் என்றுதான் சொல்வார்.

"உங்க பெரியப்பன் இன்னிக்குப் பொழுதோட போயி அந்தச் சனியனத் திருப்பிருவாரு சாமி. எனக்குத் தெரியும், அந்தக் கையி தாங்காது. திருப்பிட்டு அவரே உக்காந்து அழுவாரு. ஏதாச்சும் பண்ணு."

ஏதாவது பண்ணு என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. எதுவும் பண்ணித் தொலையாதே என்றுதான் சொல்வார்கள். சந்தோஷத்தில் எனக்கு யோசனை கொட்டியது.

நாமக்கல்லில் அப்துல் சலாம் பாய் நன்னாரி சர்பத் காய்ச்சி விற்கிறார். கழுவிக் காயவைத்த பழைய பாட்டில் எது கிடைத்தாலும் அதில் ஊற்றித் தருவார். உயரமாக, பச்சைக் கண்ணாடியில், தோள் உருண்ட பாட்டில் வேண்டும் என்றேன். சர்பத் வேணுமா, பொண்ணு பாக்கறியா தம்பி என்று கேட்டுக்கொண்டே தேடிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதில் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் போட்டேன். நான் செய்கிற வேலையில் ஒரு சுத்தம் இருக்கும்.

பெரியப்பா சாப்பிட வந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவும் நானும் ஹேச்சரிக்குப் போனோம். என் கையை நம்பிப் பாட்டிலைத் தூக்க விட முடியாது என்று கூடவே வந்துவிட்டார். புருஷன் ஆயுசுக்கும் வேலை பார்த்த இடத்துக்குள் பெரியம்மா கால் வைத்தது அன்றைக்குத்தான். குளித்து, ஈரக் கொண்டையோடு சேலைக்கு மேலே நீலக் கோட்டு மாட்டி, பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். வாட்ச்மேன் மாதையன் புது டாக்டரம்மா என்று நினைத்து எழுந்து நின்று சலாம் வைத்தார். பெரியம்மாவும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

நிஜப் பாட்டிலைத் தூக்கியது பெரியம்மாதான். தீச்சட்டி எடுத்தவர் மாதிரி அடிமேல் அடி வைத்துப் போய், அதே கூல் ரூமில் அட்டைப்பெட்டிக் குவியலுக்குப் பின்னால் நிறுத்தினார். சர்பத் பாட்டிலுக்கு நான் குடைத்துணியைச் சுற்றிப் பழைய இடத்தில் வைத்தேன். கிளம்பும்போது பெரியம்மா மட்டும் ஒரு நிமிஷம் பெட்டிக்குவியலுக்குப் பின்னால் நின்றார். எட்டிப் பார்த்தேன். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி, தான் கொண்டுவந்த பழைய துண்டைப் பாட்டிலுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், இந்தச் சனியனுக்குச் சளி புடிச்சிரப் போகுது என்றார்.

பெரியம்மா கணக்குத் தப்பவில்லை. அன்று பொழுது சாய்கிற நேரம் கூல் ரூம் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்றுதான் நின்றேன். பெரியப்பா சர்பத் பாட்டில் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கிளம்பினார். கதவு வரை வந்து திரும்பிப் போனார். பாட்டிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு அதைத் துணியோடு எடுத்து, வலது கையில் ஒரு சாய்ப்பு, இடது கையில் ஒரு சாய்ப்பு, மெள்ளக் கீழே வைத்தார். மூன்று நாள் பட்டினிக்காரர் கஞ்சி குடித்த மாதிரி முகம் தெளிந்தது. அடுத்த நொடியே அந்த முகம் விழுந்துவிட்டது. நான் சிரிக்காமலேயே வந்துவிட்டேன். கதவுக் கண்ணாடியில் பனி படிந்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒயின் கிளாஸுக்கு எங்கே போவது. சோப்புத்தூள் வாங்கினால் இலவசமாகக் கொடுத்த கண்ணாடி டம்ளர்கள் கூடத்து மேஜையில் வரிசையாக இருந்தன. கீழே துப்புகிற வாளி. அக்கா தக்கை பிடுங்குகிற திருகியைக் கையில் எடுத்தாள். பெரியப்பாவே போய்க் கொண்டுவந்த குடைத்துணிப் பாட்டில் நடுவில் நின்றது. அவர் ஊசி போட வந்த பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அதத் தொறக்காத சாமி."

"ஏனுங்கப்பா?"

"நான் தொட்டுட்டேன்." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். "தெனமும் தொட்டேன். நீ தொடப்படாதுன்னு சொன்னதுக்கப்பறமும் தொட்டேன். இன்னிக்குக் காலையிலயும் தொட்டேன்."

அக்கா திருகியை மேஜைமேல் வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். போனாப் போகுதுங்கப்பா, விடுங்க என்றாள். அது அவருக்குத் திட்டு வாங்கினதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும்.

"நீ எங்கியோ தூரத்துல இருக்கற. எப்பவோ வார, வந்த சூட்டோட போற. இது தெனமும் இங்க இருந்துச்சு. பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போன. பாத்துக்கறதுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்கண்ணு. கையி சும்மா இருக்க மாட்டீங்குது."

 அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல் வந்தது.

"அது சர்பத்து."

பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"நன்னாரி சர்பத்து. நாமக்கல் பாய் கடையில வாங்குனது. உங்க பாட்டலு பெட்டிக்குப் பின்னால பத்தரமா நிக்குது. இந்நேரம் அசையாம நின்னு அதுக்குக் கால்தான் வலிக்கும். டேய், போயி எடுத்துட்டு வாடா."

நான் போய், பெரியம்மா நடந்த அதே நடை நடந்து, வண்டியை உருட்டாமல், அந்தத் தூரத்தையும் வெயிலில் கால்நடையாகவே சுமந்து வந்தேன். வழியில் பார்த்தவர்கள் என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் படிப்பு வரணும்னு என்றேன்.

பாட்டில் வந்து சேர்ந்தபோது பெரியப்பா முகத்தில் கோபமும் வெட்கமும் வரிசையில் நின்றன. பாப்பாயி, உனக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று மட்டும் கேட்டார். பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டரம்மான்னா அப்படித்தான் என்றார்.

தக்கை பொசுக்கென்று ஒரு பெருமூச்சோடு வந்தது. அப்படியே டம்ளரில் ஊற்றக் கூடாதாம். வண்டல் அடியிலேயே நிற்க, தெளிவை மட்டும் ஒரே இறுப்பாக வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் விளக்குப் பிடித்தால் வண்டல் வந்து சேர்வது தெரியும். அக்கா மெழுகுவர்த்தி கேட்டாள். பெரியப்பா எழுந்துபோய், கரு பிடித்திருக்கிறதா என்று முட்டையில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற கை விளக்கை எடுத்துவந்தார்.

கதவு ஜன்னலைச் சாத்தினோம். கண்ணாடி ஜாடி ஊறுகாய் வாசம் அடித்ததால் எவர்சில்வர் சொம்பு. அக்கா பாட்டிலைச் சாய்த்தாள், பெரியப்பா கழுத்துக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தார். வெளிச்சத்தில் அது சிவப்பாக, அப்படியொரு தெளிவாக இறங்கியது. அக்காவின் கை சாய்ந்துகொண்டே போனது, பெரியப்பாவின் கை கொஞ்சமும் ஆடவில்லை. கடைசியில் ஓரத்தில் ஒரு மெல்லிய கறுப்பு நரம்பு ஊர்ந்து வந்தது.

"போதும்" என்றார். அக்கா நிமிர்த்தினாள்.

டம்ளருக்கு ரெண்டு விரல் அளவு ஊற்றியபோது, இவ்வளவுதானா, உங்க கம்பெனி நஷ்டத்துல ஓடுதா என்று பெரியம்மா அக்காவைக் கேட்டார். சாய்த்துப் பார்த்தால் நடுவில் நாவல்பழ நிறம், ஓரத்தில் பழைய செங்கல் நிறம். அந்தச் செங்கல் ஓரம்தான் வயசாம். அக்கா டம்ளரைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடியே இருந்தாள். பெரியப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாய் எடுத்து, உருட்டி, வாளியில் ஒரே கோடாகத் துப்பினாள். நல்ல தொழில்காரி.

"நல்லா வந்திருக்குதுங்கப்பா."

"எனக்காவச் சொல்லாத."

"சத்தியமா. கூல் ரூம் காப்பாத்துச்சு, திருப்புனது கெடுக்கப் பாத்துச்சு. ரெண்டும் நீங்கதான்." பிறகு அவளே சிரித்தாள். "தப்பு நான் கலந்ததுலதான். உளுந்து ஒரு கை கூடிப் போச்சு."

பெரியப்பா முறை வந்தது. முகர்ந்து பார்த்தார். மழை வருவதற்கு முன்னால் காய்ந்த சோளத்தட்டுப் போரில் இருந்து ஒரு வாசம் வருமே, அது இருக்குது என்றார். அப்புறம் பழைய பெல்ட்டு. அப்புறம் நாவல்பழம் பொறுக்கின பையி. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வாயில் ஊற்றியதும் என்ன செய்வது என்று தெரியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்.

"வாய்க்குள்ள திருப்புங்கப்பா" என்றாள் அக்கா. "அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும். நல்லாத் திருப்பணும்."

பெரியப்பா கண் அகலமாக விரிந்தது. வலது கன்னத்துக்குக் கொண்டுபோனார். இடது கன்னத்துக்குக் கொண்டுவந்தார். பெருக்கல், வட்டம், பெருக்கல், வட்டம். நிறுத்தவே இல்லை. எட்டு வருஷத்தையும் சேர்த்துத் திருப்புகிறார் என்று தோன்றியது. காலண்டரில் இருந்த ஆஞ்சநேயர் கவலையாகப் பார்த்தார். துப்பித் தொலையுங்க என்று பெரியம்மா வாளியைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். அரை மனசாகத் துப்பினார். கண்ணில் தண்ணீர். துவர்ப்பு சாமி, துவர்ப்புதான் என்றார். அடங்கிப் பல வருஷமான துவர்ப்பு.

இவ்வளவு நேரமும் பெரியம்மாவை யாரும் கேட்கவே இல்லை. அவர் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்தவரில்லை. ஒரு டம்ளரை எடுத்தார், அண்ணாந்து ஒரே மடக்கு. முகம் சுக்குக் கஷாயம் குடித்த மாதிரி சுருங்கி விரிந்தது. உடம்புக்கு நல்லதுதான் போல என்றார். இன்னும் கொஞ்சம் ஊத்து சாமி, தொண்டை கரகரங்குது. அன்றிலிருந்து பெரியம்மா ஊருக்குள் அதைப் பழச்சாறு என்று சொல்வதில்லை, கஷாயம் என்கிறார்.

எனக்கு வயசு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சர்பத்தைத் திறந்தேன். எலுமிச்சை பிழிந்து, பானைத் தண்ணீர் விட்டு எல்லாருக்கும் கலக்கினேன். பெரியப்பா அந்த டம்ளரையும் விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார், சுழற்றினார், மூக்கை விட்டார், வாயில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரட்டினார். இதைத் துப்பவில்லை.

"நல்ல வேரு. மண்ணு வாசம் முன்னால வருது, இனிப்பு பொறவால வருது. அடியில ஒட்டவே இல்ல பாரு. திருப்புன கையி தெரியுது."

சாயங்காலம் புதன்சந்தையில் சேலம் பஸ் ஏறும்போது அக்கா மிச்ச சர்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரியப்பாவே அதைக் குடைத்துணியில் சுற்றி அவள் பையில் படுக்க வைத்தார். அவள் போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது. பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டார். சாப்பிட்டியா என்று கேட்பார் என்று பார்த்தால், பெருக்கல் மேல இருக்குதா, வட்டம் மேல இருக்குதா என்று கேட்டார்.

"காலையில பெருக்கல் வெச்சேனுங்கப்பா" என்றாள் அக்கா. "பொழுதோட வட்டம் வெச்சிருவேன்."